கோழிப்பட அட்டையில் வெட்டுப்பட்ட வார்த்தை

கட்டிங் மிஷினில் கத்தி இறங்கும்போது, கனமான கதவை யாரோ மெதுவாகச் சாத்துவதுபோல ஒரு சத்தம் வரும். நாள் முழுக்கக் கேட்பதால் எங்கள் காதுக்கு அது உறைக்காது. நின்றால்தான் தெரியும்.

அன்று காலை அது நின்ற நேரத்தில் என் கையில் ஓர் அட்டை இருந்தது. ஒரு கோழியும் அதன் சிறகுக்கு அடியில் நாலைந்து குஞ்சுகளும். படத்துக்குக் கீழே வாசகம். நான் எழுத்துக்கூட்டி வாசிக்கிறவள். உதடு அசையாமல் எனக்கு வாசிக்க வராது. “நான் உன்னைக் கைவிட” என்று வாசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.

அடுத்த வரி இல்லை.

அட்டை அங்கேயே முடிந்திருந்தது. வெட்டுப்பட்ட ஓரத்தில் கடுகுபோல இரண்டு கறுப்புப் புள்ளி மட்டும் இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். அந்தப் புள்ளிகள் எனக்குத் தெரியும். ட் மேலே ஒன்று, ன் மேலே ஒன்று. “மாட்டேன்” என்ற வார்த்தையைக் கத்தி கொண்டுபோய்விட்டது. அதன் புள்ளிகளை மட்டும் விட்டுவைத்திருந்தது.

அட்டைக் கட்டிலிருந்து இன்னொரு கோழி அட்டையை உருவினேன். அதுவும் அப்படி. இன்னொன்று. அதுவும் அப்படித்தான்.

வெளியே லாரி வந்து நின்றுவிட்டது.

தட்டில் குப்புறக் கிடக்கும் அட்டை

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். புது வருஷத்தன்று எங்கள் கிறிஸ்தவக் கோயில்களில், வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை எடுப்பது வழக்கம். ஆராதனை முடிந்ததும் ஒரு தட்டில் அட்டைகளைக் குப்புறப் போட்டு வைத்திருப்பார்கள். வரிசையில் போய் ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அதில் என்ன வாக்கு இருக்கிறதோ அது அந்த வருஷத்துக்கு ஆண்டவர் நமக்குத் தந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய் அரிசிப்பானைக்கு மேலேயோ கண்ணாடிச் சட்டத்திலோ செருகி வைப்போம்.

அந்த அட்டைகள் வானத்திலிருந்து விழுவதில்லை. சிவகாசிப் பக்கத்து அச்சாபீஸ்களில் அச்சாகின்றன. தீபாவளி முடிந்த சூட்டோடு காலண்டர் சீசன் ஓடும்போது, இந்த அட்டை ஆர்டரும் கூடவே ஓடும். பெரிய ஷீட்டில் இருபத்து நாலு அட்டை அச்சாகி வரும். வெட்டி, கலந்து, கட்டுப் போட்டு அனுப்புவது நாங்கள். பெஞ்சில் உட்கார்ந்து அதைச் செய்கிற பதினாலு பெண்களில் நான்தான் வயதில் மூத்தவள். கோயிலுக்குப் போகிறவள் என்றால் நான் ஒருத்திதான்.

போன வாரம் இந்தப் பத்திரிகையில் எங்கள் கம்பெனி வேனைப் பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்துவிட்டு எங்கள் கோயிலில் ஓர் அம்மா, “ஜெபம் பண்றத எல்லாமா பேப்பர்ல போடுவாக? அது கதவச் சாத்திட்டுப் பண்றதுல்ல” என்று என் காதுபடச் சொன்னார். சாத்திக்கொள்ள எனக்கு என்று தனியாகக் கதவு இருந்த காலம் குறைவு. பட்டாசு ஆபீஸிலும் அச்சாபீஸிலும் வேனிலும்தான் என் ஜெபமெல்லாம் நடந்தது. அதைத்தான் எழுத முடியும்.

வெற்றிலை போட்டவள்

சத்தமாக ஜெபிக்க எனக்கு வராது. பெண்கள் கூட்டத்தில் ஆளுக்கொரு ஜெபம் என்று சுற்றி வரும். என் முறை வந்தால் “ஆமென்” என்று சொல்லி அடுத்தவளுக்குத் தள்ளிவிடுவேன். “புஷ்பம் நமக்கெல்லாம் முடிச்சுப் போட்டுட்டா” என்று சிரிப்பார்கள். என் முழுப்பெயர் தங்கபுஷ்பம். அதையே நான் சத்தமாகச் சொன்னது கல்யாணத்தன்று ஒரு தடவை, ரேஷன் கடையில் சில தடவை.

சின்ன வயதில் பட்டாசு ஆபீஸில், எங்கள் பக்கம் தொழிற்சாலைக்கு அதுதான் பேர், காகிதக் குழாய் உருட்டினேன். உருட்டும்போது உதட்டுக்குள்ளேயே பேசிக்கொண்டிருப்பேன். ஒருநாள் போர்மேன் வந்து நின்று, “ஏத்தா, என்ன மென்னுக்கிட்டு இருக்க? வெத்தலையா? இங்கன வெத்தல, பொகல கூடாதுன்னு தெரியாதா? வாயத் தொற” என்றார். திறந்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. “பெறகு என்னத்த மென்ன?” என்றார். சொல்ல வெட்கமாக இருந்தது. “சும்மாதான் அண்ணாச்சி” என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் ஒரு வாரம் என்னை வெற்றிலைக்காரி என்று கூப்பிட்டார்கள்.

அஞ்சாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. கொம்பு எப்போதும் எனக்குத் தகராறு. ஒற்றைக் கொம்பு எங்கே, இரட்டைக் கொம்பு எங்கே என்று இன்றைக்கும் கை தடுமாறும். இந்தப் பக்கங்களில் நான் விட்ட கொம்புகளைப் பத்திரிகைக்காரர்கள்தான் போட்டுத் தருகிறார்கள். வாசிப்பது மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. மெதுவாக வரும், ஆனால் வந்துவிடும்.

வாயில் வராத வார்த்தை

கல்யாணமான பிறகு நாங்கள் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் குடியிருந்தோம். அவரும் பட்டாசு ஆபீஸில்தான். மருந்து அடைக்கிற வேலை.

ஒரு சீசன். அவருக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். மூன்றாம் நாள் காலையில் ஆபீஸிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்து வாசலில் கால் ஊன்றி நின்றார். “லோடு நிக்குது தாயி. ஆளு இல்ல. இன்னைக்கு ஒரு நாளு அனுப்பி வையி.”

அவர் பாயில் எழுந்து உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தார். என்னிடம்தான் கேட்டார், வாயால் இல்லாமல் கண்ணால். நான், “மாட்டேன், இன்னைக்கு அனுப்ப மாட்டேன்” என்று சொல்லியிருந்தால் மறுபடியும் படுத்திருப்பார். வார்த்தை என் தொண்டை வரை வந்தது. வந்தவர் வெளியாள். அவர் முன்னால் என் சத்தம் கேட்பதா என்று நினைத்தேன். உள்ளே போய்த் தூக்குவாளியில் கஞ்சியை ஊற்றிக் கொடுத்தேன்.

மத்தியானம் சத்தம் கேட்டது. கூரையிலிருந்து தூசி கொட்டியது. அதற்கு மேல் அன்றைக்கு நடந்ததை நான் எழுதப்போவதில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் “கர்த்தர் சித்தம்” என்றார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். எனக்கு அந்தப் பேச்சு அன்றைக்கும் பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்காது. சைக்கிளில் ஆள் வந்து நின்றது கர்த்தர் சித்தமா? நான் வாயைக் கட்டிக்கொண்டு கஞ்சி ஊற்றியது கர்த்தர் சித்தமா? மனுஷன் செய்ததை எல்லாம் அவர் தலையில் போட்டுவிட்டால் நாம் கையைக் கழுவிக்கொள்ளலாம். நான் கழுவிக்கொள்ளவில்லை.

கோயிலுக்குப் போவதை விட்டேன். பிறந்த ஊரான ஆமத்தூருக்கே திரும்பி வந்துவிட்டேன். தோட்டத்துக் கிணற்றுப் பக்கம் போவதும் வருவதுமாக இருந்தேன். எதற்குப் போனேன் என்று கேட்க வேண்டாம். தண்ணீர் எடுக்க இல்லை.

அந்த வருஷம் புது வருஷக் காலையில் என் அம்மா பிடித்து இழுக்காத குறையாகக் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். தட்டு வந்தது. எடுக்கக்கூடாது என்றுதான் நின்றேன். பின்னால் நின்றவள் முதுகில் தள்ளினாள். எடுத்தேன். எழுத்துக்கூட்டினேன். “நான் உன்னைக் கைவிட.” அதோடு வரி முடிந்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. கைவிட்டாச்சே, தெரிந்ததுதானே என்று. கண்ணை இறக்கினேன். அடுத்த வரியில் தனியாக ஒரே ஒரு வார்த்தை. “மாட்டேன்.”

சைக்கிள்காரர் முன்னால் என் வாயில் வராத அதே வார்த்தை. நான் சொல்லாமல் விட்டதை ஆண்டவர் எனக்குச் சொல்லியிருந்தார்.

எத்தனை நேரம் அங்கே நின்றேன் என்று தெரியாது. பின்னால் வரிசை நின்றுவிட்டது. கிணற்றுப் பக்கம் அதற்குப் பிறகு தண்ணீர் எடுக்க மட்டும்தான் போனேன். கேட்பதற்குச் சின்ன விஷயம்போல இருக்கும். ஓர் அட்டை, ஒரு வார்த்தை. அதில்தான் இத்தனை வருஷம் நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன்.

பிற்காலத்தில் அச்சாபீஸில் வேலைக்குச் சேர்ந்து முதல் தடவை இந்த அட்டைக் கட்டு கைக்கு வந்தபோது நினைத்தேன். அன்று எனக்கு வந்த அட்டையையும் இப்படி ஒருத்தி வெட்டிக் கட்டித்தானே அனுப்பியிருப்பாள். அவள் யாரோ. அன்றிலிருந்து ஒவ்வோர் அட்டையையும் வாசித்துவிட்டு, “இது யார் கைக்குப் போகுதோ, அவங்களப் பாத்துக்கும்” என்று சொல்லித்தான் கட்டில் வைப்பேன். பெஞ்சில் இருப்பவர்கள், “புஷ்பக்கா அட்டைக்கு மந்திரிச்சு ஊதுது” என்பார்கள். ஊதினால் ஊதிவிட்டுப் போகிறேன்.

இரண்டு நூல்

இப்போது கோழி அட்டைக்கு வருகிறேன்.

சூப்பர்வைசர் கணேசனிடம் அட்டையைக் கொண்டுபோய்க் காட்டினேன். கணேசன் கெட்டவர் இல்லை. இந்த வயதில் யார் வேலை தருவார்கள் என்று நான் நின்றபோது, “ஒக்காந்து செய்ற வேலதான, வரட்டும்” என்று பெஞ்சில் இடம் போட்டுத் தந்தவர் அவர்தான். அதனால்தான் அவரிடம் போய் நிற்க எனக்குக் கால் கூசியது.

“தம்பி, இதப் பாருங்க. ஒரு வார்த்த வெட்டுப்பட்டிருக்கு.”

அவர் அட்டையைத் தூரப் பிடித்துப் பார்த்தார். கட்டிங் மாஸ்டரைப் பார்த்தார். கட்டிங் மாஸ்டர் ஷீட்டை அளந்து பார்த்துவிட்டு, “அளவு ரெண்டு நூல் ஏறிப்போச்சு” என்றார். எங்கள் தொழிலில் நூல் என்பது அளவு. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. கடைசி வரிசையில் மற்ற அட்டைகளுக்கு ஓரத்துப் பூ மட்டும் போயிருந்தது. கோழி அட்டையில்தான் வாசகம் ஓரம்வரை இறங்கியிருந்தது.

“எல்லாத்துலயும் கலந்தாச்சா?” என்றார் கணேசன்.

“கலந்து பாதிக்கு மேல கட்டியாச்சு” என்றாள் முத்துமாரி. என் பக்கத்து இடத்துக்காரி. பன்னிரண்டு வருஷமாக ஒரே பெஞ்சு.

கணேசன் வாசலைப் பார்த்தார். லாரிக்காரர் ஹாரன் அடித்தார். “ஓரத்துல ஒரு வார்த்ததானக்கா. யாரு பாக்கப் போறா? விசுவாசிங்கதான வாங்குறாக. விசுவாசத்துல புரிஞ்சுக்கிருவாக. கட்டுங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன், வேறு அட்டையாக இருந்தால்.

“அப்படி இல்ல தம்பி. இத வாசிச்சா, கைவிட்டாச்சுன்னு ஆயிரும்.”

அவர் தள்ளிப்போய் முதலாளிக்குப் போன் பேசிவிட்டு வந்தார். “முதலாளிட்டயும் கேட்டாச்சு. ஏத்தச் சொல்லிட்டாக. மறுபடி அச்சடிக்க நேரம் இல்ல. கட்டுங்க.”

நான் பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தேன். கை கட்டை எடுக்கவில்லை. காகிதத் தூசி வெயிலில் மிதந்துகொண்டிருந்தது. எங்கேயோ ஓர் ஊரில் ஒருத்தி வரிசையில் நிற்பாள். எடுக்க மாட்டேன் என்று நிற்பாள். பின்னால் நிற்பவள் தள்ளிவிடுவாள். கோழி அட்டை வரும். எழுத்துக்கூட்டி வாசிப்பாள். கண்ணை இறக்கினால் கீழே ஒன்றும் இருக்காது.

நான் ஆண்டவரிடம் சண்டை போட்டேன். என் ஜெபத்தில் பாதி அதுதான். “உம்ம வார்த்தைய வெட்டுறாங்க. நீர் சும்மா இருக்கீர். எனக்குத்தான் வாய் இல்லன்னு தெரியும்ல. வேற ஆளு கெடைக்கலையா?” என்றேன். என் மடியில் அந்த அட்டை கிடந்தது. அதன் ஓரத்தில் இரண்டு புள்ளி.

கணேசன் பெஞ்சுக்கு வந்தார். “என்னக்கா, கை நிக்குது?”

“மாட்டேன்” என்றேன்.

என் சத்தம் எனக்கே அந்நியமாக இருந்தது. ஒருவேளை அவருக்குக் கேட்டிருக்காது. “என்ன?” என்றார்.

“கட்ட மாட்டேன் தம்பி. கோழி அட்டைய வெளிய எடுக்காம ஒரு கட்டுகூட நான் கட்ட மாட்டேன்.”

கோழி பிடித்த கதை

மிஷின் ஓடாத நேரம் என்பதால் எல்லாருக்கும் கேட்டுவிட்டது. கணேசனின் முகம் சிவந்தது. “கட்டுனா கட்டுங்க. இல்லன்னா இனிமே வேன் ஏற வேண்டாம். ஒங்க இஷ்டம்” என்று சொல்லிவிட்டு லாரிக்காரரிடம் போனார்.

கட்டியிருந்த கட்டு ஒன்றைப் பிரித்தேன். ஒவ்வோர் அட்டையாக வாசித்துத் தேட ஆரம்பித்தேன். என் வேகத்தில் வாசித்தால் அடுத்த தீபாவளி வந்துவிடும்.

முத்துமாரி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். “எக்கா, எனக்கு வாசிக்கத் தெரியாது. என்ன படம் போட்டது, அதச் சொல்லு.”

“கோழியும் குஞ்சும்.”

“கோழியா? அத மொதல்லயே சொல்றதுக்கு என்ன? வாசிக்கத் தெரிஞ்சவளுகளோட இதான் ரோதன. எழுத்தப் பாத்துக்கிட்டே இருப்பாளுக, எதிர்ல நிக்குற கோழி தெரியாது.” கட்டை விசிறிபோல விரித்தாள். ஒரே வீச்சில் இரண்டு கோழி அட்டையை உருவி என் மடியில் போட்டாள். “இந்தா, ஓங் கோழி.”

அவள் கும்பிடுவது மாரியம்மனை. அவளுக்கு அந்த வாசகம் எதுவும் தெரியாது. “நீ எதுக்குடி?” என்றேன்.

“நீ பன்னெண்டு வருசமா வாயத் தொறக்கல. இன்னைக்குத் தொறந்திருக்க. என்னமோ இருக்கணும்ல.”

எதிர்ப் பெஞ்சிலிருந்து ஒருத்தி வந்தாள். பிறகு இன்னொருத்தி. எல்லாரும் வரவில்லை. இரண்டு பேர் தலையைக் குனிந்து தங்கள் கட்டையே கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நானும் அப்படி இருந்தவள்தான். அவர்கள் கட்டி வைத்ததையும் முத்துமாரி பிரித்துக் கோழியை எடுத்தாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு யாரும் எழுந்திருக்கவில்லை. கணேசன் இரண்டு தடவை வந்து பார்த்தார். இரண்டாவது தடவை, “கோழிய எல்லாம் புடிச்சிட்டீகளா?” என்றார். யாரும் சிரிக்கவில்லை. “புடிச்சாச்சு, கூடையில போட்டுக் கவுத்தாச்சு” என்றாள் முத்துமாரி. லாரி கிளம்பும்போது மற்ற இருபத்து மூன்று வகையும் போயின. கோழி மட்டும் ஒரு சாக்கில் என் காலடியில் இருந்தது.

வேஸ்ட்டுக்குப் போனால் அது கூழாகிவிடும். “தம்பி, இத நான் எடுத்துக்கிறவா?” என்று கேட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்க்காமல், “எடுத்துட்டுப் போங்க. கொழம்பு வைங்க. திங்கக்கெழமலருந்து வர வேண்டாம்” என்றார்.

ஆமத்தூர் விலக்கு

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. முத்துமாரி வேனில் சொல்லியிருப்பாள். உபதேசியார், அதாவது எங்கள் சின்னக் கோயிலைப் பார்த்துக்கொள்கிறவர், “விட்டுக்குடுத்துப் போயிருக்கலாமேம்மா. சாந்தமா இருக்கணும்னுதான நமக்குச் சொல்லியிருக்கு” என்றார். நல்ல மனுஷன். என் வேலை போனதே என்ற கவலையில் சொன்னார்.

நான் அவருக்கும் பதில் சொன்னேன். ஒரு வாரத்தில் இரண்டாவது தடவை. “சாந்தமாத்தான் சொன்னேன் ஐயா. கத்தல.”

அன்று சாயங்காலம் பாத்திரம் தேய்த்துக்கொண்டே அவரிடம் கேட்டேன், ஆண்டவரிடம். வேலை வேண்டும். பெஞ்சு வேண்டும். வேறு யாராவது கட்டினால் வாசிக்காமல் கட்டுவார்கள். சாம்பலைக் கழுவிப் பாத்திரத்தைக் கவிழ்த்தபோது மனதில் பயம் இருந்தது. ஆனால் எப்போதும்போல என் வாயை அடைக்கிற பயமாக அது இல்லை.

திங்கட்கிழமை காலையில் தூக்குவாளியோடு, மெயின் ரோட்டிலிருந்து எங்கள் ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் நின்றேன். வேன் வந்தது. ஏறி, என் இடத்தில் உட்கார்ந்தேன்.

டிரைவர் திரும்பிப் பார்த்தார். “எக்கா, ஒங்க பேர எடுத்துட்டாக. தெரியும்ல?”

“தெரியும்.”

“அப்ப எறங்குங்கக்கா. எனக்குப் பேச்சு விழும்.”

“எறங்க மாட்டேன் தம்பி.”

வேனில் இருபது பேர் இருந்தார்கள். டிரைவர் போனைப் போட்டார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாக வைத்தார், பொறுப்பு தன்னுடையது இல்லை என்று காட்ட.

“சார், ஆமத்தூர்ல புஷ்பக்கா ஏறி ஒக்காந்திருக்கு. எறங்க மாட்டேங்குது.”

“மாட்டேங்குதா?” என்றார் கணேசன். “மத்தவுக என்ன சொல்றாக?”

“வண்டிய எடுக்கச் சொல்றோம்” என்றாள் முத்துமாரி, பின் சீட்டிலிருந்து. “கோழி தின்ன ஆளு இல்லாம கெடக்கு, இன்னும் என்ன பேச்சு?” யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“ஏத்திட்டு வா. இங்கன வந்து பேசிக்கிறேன்.”

பேசவில்லை. பெஞ்சில் என் இடத்தில் வேறொருத்தியை உட்காரவைத்திருந்தார். என்னை வேஸ்ட் பேப்பர் பொறுக்கும் மூலைக்கு அனுப்பினார். கழிவறைக்குப் பக்கம். மூன்று வாரம் அங்கே துண்டுக் காகிதத்தைச் சாக்கில் அடைத்தேன். அங்கேயும் வாசித்தேன். தேதி இல்லாத காலண்டர், பாதி சாமி, பாதி சினிமாக்காரர், எல்லாவற்றையும் வாசித்தேன்.

நாலாம் வாரம் கட்டிங் மாஸ்டர், புதிதாக வெட்டிய முதல் கட்டைக் கொண்டுவந்து என் மடியில் போட்டுவிட்டுச் சும்மா நின்றார். “என்ன?” என்றேன். “வாசிச்சுப் பாக்கச் சொன்னாக” என்றார். யார் சொன்னது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கணேசன் மிஷின் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

எல்லாருக்கும் ஒரே வாக்கு

சாக்கிலிருந்த கோழிகளை வீட்டுத் தரையில் பரப்பினேன். கீழே எழுத இடமில்லை. அதுதான் வெட்டுப்பட்ட இடமாயிற்றே. அதனால் அட்டையைத் திருப்பி, பின்பக்கம் நடுவில், நீலப் பேனாவால் “மாட்டேன்” என்று எழுதினேன். ஒவ்வொன்றாக. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் விட்டு வந்ததும் மத்தியானச் சாப்பாடு வரை. ஆயுசு முழுக்க அந்த வார்த்தையை நான் சொல்லாமல் சேர்த்து வைத்திருந்தது அத்தனையும் அந்தப் பேனாவில் இறங்கியதுபோல இருந்தது. விரல் வீங்கிவிட்டது.

உபதேசியாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். எங்கள் கோயிலுக்கு அந்த வருஷம் அட்டை இன்னும் வாங்கியிருக்கவில்லை. அவர் முன்பக்கத்தை வாசித்தார், முகம் மாறியது. திருப்பினார். “தட்டுல வைப்போம்” என்றார்.

புது வருஷக் காலை ஆராதனை முடிந்தது. குப்புறப் போட்ட தட்டில் என் பேனா எழுத்துத்தான் மேலே தெரிந்தது. தட்டு முழுக்க “மாட்டேன், மாட்டேன், மாட்டேன்.” முதலில் எடுத்தவர் திருப்பிப் பார்த்தார். கோழி. அடுத்தவர் எடுத்தார். கோழி. மூன்றாவது ஆள் கையை உள்ளே விட்டுத் துழாவி எடுத்தார். கோழிதான்.

“என்ன ஐயா, எல்லாருக்கும் ஒண்ணுதானா?” என்று பின்னாலிருந்து ஒரு சத்தம்.

“வேற வேணும்னா சொல்லுங்க” என்றார் உபதேசியார். “யாருக்கு இது பத்தாதோ, கையத் தூக்குங்க.”

யாரும் தூக்கவில்லை. வரிசை நகர்ந்தது. நானும் ஒன்று எடுத்தேன்.

பிறகு, கூட்டம் கலைந்ததும், உபதேசியார் என் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னார். “அம்மா, ஒரு சின்னத் தப்பு. இரட்டைக் கொம்பு போடணும். நீங்க எல்லாத்துலயும் ஒத்தக் கொம்புதான் போட்டிருக்கீக. ஒங்க அட்டையையாவது குடுங்க, திருத்தித் தாரேன்.” சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார்.

அட்டையைப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். அஞ்சாம் வகுப்பில் விட்ட கொம்பு. ஆனால் சைக்கிள்காரர் முன்னால் வராமல் போய், கத்தியில் வெட்டுப்பட்டு, கடைசியில் என் கையாலேயே வந்த வார்த்தை அது. அப்படித்தான் வந்தது. அதை நம்பி அன்று வாங்கிப்போனவர்கள் யாருடைய வீட்டிலும் கொம்பு குறைந்ததால் ஒன்றும் குறையவில்லை.

அட்டையைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டேன். அவருக்குச் சொன்ன பதிலை இங்கே எழுதுகிறேன். பத்திரிகைக்காரர்கள் என் மற்றக் கொம்புகளை எல்லாம் திருத்திக்கொள்ளட்டும். இது ஒன்றை மட்டும் நான் எழுதியபடியே அச்சில் போடச் சொல்லியிருக்கிறேன்.

“திருத்த மாட்டென்.”